ஏற்காட்டுக்கு இரண்டாவது லிங்க்: லூப் இல்லாமல் ஓட எந்த ரூட்டிங்கைத் தேர்வது?

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஒரே லிங்க் ஓடும்வரை ரூட்டிங் (பாக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்ற முடிவு) பற்றி யாரும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மலை மேல் உள்ள ரூட்டரில் வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்கும் ஒரு டிஃபால்ட் ரூட், கீழே உள்ள ரூட்டரில் மலை முகவரிகளுக்குக் கையால் எழுதிய ஒரு ஸ்டாட்டிக் ரூட், அவ்வளவுதான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் மழைக்காலத்தில் மண் சரிந்து ஃபைபர் அறுந்தால் எஸ்டேட், ரிசார்ட், பள்ளி எல்லாம் ஒருசேரப் படுத்துவிடும். அதனால் குப்பனூர் பக்கமாக இன்னொரு லிங்க் இறக்கலாம் என்று முடிவாகும். அது வந்த அன்றே நெட்வொர்க் வளையமாகிறது. பாக்கெட் சுற்றிச் சுற்றி வரவும், அதாவது லூப்புக்கும், அன்றே வழி திறக்கிறது.

ஒப்பிட ஒரு நெட்வொர்க் வேண்டும். சேலம் ஐந்து ரோட்டில் மைய ரூட்டர். அங்கிருந்து ஏற்காடு டவுனுக்கு ஃபைபர். ஏற்காடு, நாகலூர், வாழவந்தி மூன்றும் ரேடியோவால் இணைந்த முக்கோணம். வாழவந்தியில் இருந்து குப்பனூருக்கு ஒரு ரேடியோ, குப்பனூரில் இருந்து சேலத்துக்கு ஃபைபர். ஏற்காட்டு டவரில் ஒரு செக்டார் ஆன்டெனா, அதில் பத்து எஸ்டேட்டுகள். இது உதாரணத்துக்காக வரைந்த படம்தான். ஆனால் சேர்வராயன் மலையில் லிங்க் போடுகிறவர்களின் படம் இதிலிருந்து அதிகம் வேறுபடாது.

லூப் என்றால் என்ன ஆகும் என்பதை எண்ணில் பார்த்துவிடலாம். சேலத்துக்குப் போக வேண்டிய பாக்கெட்டை ஏற்காடு வாழவந்திக்கு அனுப்புகிறது, வாழவந்தி அதை ஏற்காட்டுக்கே திருப்புகிறது. ஒவ்வொரு ரூட்டரும் பாக்கெட்டின் டிடிஎல் எண்ணில், அதாவது இன்னும் எத்தனை ரூட்டரைக் கடக்கலாம் என்ற எண்ணில், ஒன்றைக் கழிக்கும். பூஜ்ஜியம் ஆனால் பாக்கெட் தூக்கி எறியப்படும். லினக்ஸ், ஆண்ட்ராய்டு கருவிகள் 64-இல் தொடங்குகின்றன, விண்டோஸ் 128-இல். ஆக 60 மிச்சத்தோடு லூப்பில் விழும் பாக்கெட் அந்த ரேடியோவை 60 முறை கடக்கிறது, 30 முறை போக, 30 முறை வர. வெறும் 1 எம்பிபிஎஸ் டிராஃபிக் இரு பக்கமும் 30 எம்பிபிஎஸ்ஸாக வீங்கிவிடும். ரேடியோவின் கிராஃபில் அப்லோடும் டவுன்லோடும் ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் நின்றால் முதலில் லூப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ரேடியோக்கள் பிரிட்ஜ் மோடில் (ரூட்டிங் செய்யாமல் ஈதர்நெட் ஃபிரேமை அப்படியே கடத்தும் நிலை) இருந்து, வளையம் முழுக்க ஒரே லேயர் 2-ஆக, அதாவது ஒரே ஈதர்நெட் நெட்வொர்க்காக, இருந்தால் கீழே சொல்லும் எதுவும் உதவாது. ஈதர்நெட் ஃபிரேமில் டிடிஎல்லே கிடையாது. அங்கே வளையத்தில் ஒரு லிங்க்கை அடைத்துவைக்கும் ஸ்பேனிங் ட்ரீதான் காவல். வளையத்தின் ஒவ்வொரு லிங்க்குக்கும் தனி சப்நெட் (முகவரித் தொகுதி), /30 அல்லது /31, கொடுத்து ரூட்டரில் முடித்த பிறகே இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

ஸ்டாட்டிக் ரூட்: எளிது, ஆனால் குருடு

ஸ்டாட்டிக்கில் அப்டேட்டே இல்லை, அப்புறம் லூப் எப்படி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வரும், அதுவும் தானாகச் சரியாகாத லூப்பாக வரும். ஏற்காட்டில் முதல் டிஃபால்ட் சேலத்துக்கு, அது போனால் வாழவந்திக்கு என்று முன்னுரிமை குறைந்த இரண்டாவது டிஃபால்ட் வைக்கிறோம். வாழவந்தியின் டிஃபால்ட் ஏற்காட்டை நோக்கி இருக்கிறது. ஃபைபர் அறுந்ததும் ஏற்காடு வாழவந்திக்கு அனுப்பும். வாழவந்தியில் இருந்து ஏற்காட்டுக்கு உள்ள ரேடியோ நன்றாகவே இருக்கிறது, அதனால் அது எதையும் மாற்றாமல் திருப்பி அனுப்பும். ஃபைபர் போனது ஏற்காட்டுக்கு மட்டுமே தெரியும். பக்கத்து ரூட்டருக்குச் சொல்ல ஆளில்லை. யாராவது வந்து கையால் மாற்றும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வகை இன்னும் பரவலானது, வளையமே இல்லாமல் வருவது. சேலத்தில் 10.40.16.0/20 முழுவதையும் ஏற்காட்டுக்கு என்று எழுதியிருக்கிறோம். அதில் ஏற்காடு நாலைந்து /24-ஐ (தலா 256 முகவரிகள்) மட்டுமே பயன்படுத்துகிறது. யாரோ ஒருவரின் வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர் 10.40.25.7 போன்ற, யாருக்கும் கொடுக்காத முகவரியைத் தட்டுகிறது. சேலம் அதை மேலே அனுப்பும். ஏற்காட்டில் அதற்கு ரூட் இல்லை, டிஃபால்ட்படி கீழே திருப்பும். மருந்து ஒரே வரி: ஏற்காட்டு ரூட்டரில் 10.40.16.0/20-க்கு ஒரு பிளாக்ஹோல் ரூட், அதாவது பாக்கெட்டைத் தூக்கி எறியும் ரூட். சிஸ்கோவில் நல்0 இன்டர்ஃபேஸ், மைக்ரோடிக்கில் பிளாக்ஹோல். உண்மையான /24-கள் இன்னும் நீளமான பிரிஃபிக்ஸ், அதாவது இன்னும் குறிப்பான முகவரி, என்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. எந்தப் புரோட்டோகாலை (ரூட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை) தேர்ந்தாலும், மொத்தமாக முகவரி தருகிற இடத்தில் இந்த வரி இருக்க வேண்டும். பின்னால் பார்க்கப்போகும் இஐஜிஆர்பி, ஓஎஸ்பிஎஃப் என்ற புரோட்டோகால்கள், பல ரூட்டுகளை ஒன்றாகச் சுருக்கும் சம்மரி எழுதும்போது சிஸ்கோவில் இதைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. ஸ்டாட்டிக்கில் நாம்தான் போட வேண்டும்.

ரிப்: காவல் நாலு, ஓட்டை ஒன்று

ரிப் என்ற பழைய ரூட்டிங் புரோட்டோகால் 1988-இல் ஆர்எஃப்சி (இன்டர்நெட் விதி ஆவணம்) 1058 ஆக வந்தது, இரண்டாம் பதிப்பு 1998-இல் ஆர்எஃப்சி 2453. ஒவ்வொரு ரூட்டரும் 30 நொடிக்கு ஒருமுறை தன் டேபிளைப் பக்கத்து ரூட்டர்களுக்குச் சொல்லும். கேட்டவர் ஒரு ஹாப் (ஒரு ரூட்டர் தாண்டல்) கூட்டிக்கொண்டு நம்பிவிடுவார். முழுப் படம் யாரிடமும் இல்லை, ஊர் வாய்ச்செய்திதான். தான் சொன்னதே சுற்றிவந்து தன் காதில் விழுந்தாலும் அது தன்னுடைய பழைய செய்தி என்று ரூட்டருக்குத் தெரியாது.

அதைத் தடுக்கச் சில காவல்கள் உண்டு. ஒன்று, 16 என்றால் முடிவிலி. 15 ஹாப்புக்கு மேல் ரூட் இல்லை. இரண்டு, ஸ்ப்ளிட் ஹொரைஸன்: எந்த இன்டர்ஃபேஸில் கேட்டேனோ அதே இன்டர்ஃபேஸில் அதைத் திருப்பிச் சொல்ல மாட்டேன். அதன் கண்டிப்பான வடிவம் பாய்சன் ரிவர்ஸ்: திருப்பிச் சொல்வேன், ஆனால் 16 என்று சொல்வேன். மூன்று, ட்ரிகர்டு அப்டேட்: மாற்றம் வந்தால் 30 நொடி காத்திருக்காமல் உடனே சொல்வது. நாலு, ஹோல்ட்-டவுன்: போனது என்று கேட்ட ரூட்டைப் பற்றி 180 நொடிக்கு வேறு யார் நல்லதாகச் சொன்னாலும் நம்பாதே. இந்தக் கடைசிக் காவல் ஆர்எஃப்சியில் இல்லை, சிஸ்கோ தன் பங்குக்குச் சேர்த்தது. வேறு கம்பெனி ரூட்டரிலும் இருக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடக் கூடாது.

முதல் மூன்றும் ஓடும்போதே லூப் எப்படி வருகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தேர்வே இதில்தான் இருக்கிறது. இப்போதைக்குக் குப்பனூரையும் சேலத்தையும் மறந்துவிட்டு, மலை மேல் உள்ள முக்கோணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டில் தொங்கும் ஓர் எஸ்டேட்டின் நெட்வொர்க் 10.40.17.0/24. ஏற்காட்டுக்கு அது 1 ஹாப், நாகலூருக்கும் வாழவந்திக்கும் ஏற்காடு வழியாக 2 ஹாப்.

எஸ்டேட் லிங்க் போகிறது. ஏற்காடு உடனே இருவருக்கும் 16 என்று சொல்கிறது. ரிப் அப்டேட் யுடிபி 520-இல் போவது. வந்து சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நாகலூருக்குப் போய்ச் சேர்ந்தது, வாழவந்திக்குப் போன பாக்கெட் ரேடியோவில் தொலைந்தது. இப்போது வாழவந்தியின் 30 நொடி முறை வருகிறது. ஏற்காட்டிடம் கேட்டதை ஏற்காட்டுக்குச் சொல்ல ஸ்ப்ளிட் ஹொரைஸன் விடாது. நாகலூருக்குச் சொல்லத் தடையில்லை. "என்னிடம் 2" என்கிறது. நாகலூர் 3 என்று எழுதிக்கொண்டு ஏற்காட்டுக்குச் சொல்கிறது. ஏற்காடு 4 என்று எழுதி வாழவந்திக்குச் சொல்கிறது. வாழவந்தியின் நெக்ஸ்ட் ஹாப் (அடுத்து அனுப்பும் ரூட்டர்) ஏற்காடுதான், அதனால் எண் கூடினாலும் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்: 5. நாகலூர் 6, ஏற்காடு 7, வாழவந்தி 8, நாகலூர் 9, ஏற்காடு 10, வாழவந்தி 11, நாகலூர் 12, ஏற்காடு 13, வாழவந்தி 14, நாகலூர் 15, ஏற்காடு 16. அங்கேதான் ரூட் சாகிறது. அதுவரை அந்த எஸ்டேட்டுக்கான ஒவ்வொரு பாக்கெட்டும் மூன்று டவரையும் சுற்றுகிறது.

நாகலூர் முதலில் 3 எழுதியதற்குப் பிறகு 13 அப்டேட்டுகள். ட்ரிகர்டு அப்டேட்டுகளுக்கு இடையே 1 முதல் 5 நொடி இடைவெளி விடச் சொல்கிறது ஆர்எஃப்சி. அப்படியென்றால் ஒரு நிமிடம் சொச்சத்துக்குள் முடிந்துவிடும். ட்ரிகர்டு அப்டேட்டை நிறுத்திவைத்த ரூட்டர்களில் ஒவ்வொன்றுக்கும் 30 நொடி வரை, மொத்தம் ஆறரை நிமிடம் வரை போகும். ஸ்ப்ளிட் ஹொரைஸன் இரண்டு ரூட்டருக்கு இடையே வரும் லூப்பை மட்டுமே தடுக்கும். மூன்று ரூட்டர் வளையத்தில் அது காவலே இல்லை. பாய்சன் ரிவர்ஸுக்கும் இதே எல்லைதான். கூடவே ஒவ்வொரு அப்டேட்டும் பெருக்கிறது. ஒரு ரிப் பாக்கெட்டில் 25 ரூட்தான் அடங்கும் என்பதால் பாக்கெட் எண்ணிக்கையும் கூடும்.

ஹோல்ட்-டவுன் இருந்தால் இந்தக் கதை நாகலூரிலேயே நின்றுவிடும்: 16 கேட்டுவிட்டோம், வாழவந்தி சொல்லும் 2-ஐ 180 நொடிக்கு நம்ப மாட்டோம். ஆனால் அதே காவல், சேலம் ஃபைபர் அறுந்த நாளில் குப்பனூர் வழி நல்ல ரூட் இருக்கிறது என்று வாழவந்தி சொன்னாலும் மூன்று நிமிடம் காதைப் பொத்திக்கொள்ளும். எந்த நாளுக்காக இரண்டாவது லிங்க் போட்டோமோ அந்த நாளிலேயே அது நமக்கு எதிராக வேலை செய்கிறது. ரேடியோ மறுமுனை சத்தமில்லாமல் போய், நம் போர்ட் மட்டும் உயிரோடு இருந்தால் இன்னும் மோசம். ரூட் பழசு என்று அறியவே 180 நொடி ஆகும்.

செக்டார் ஆன்டெனாவில் ஸ்ப்ளிட் ஹொரைஸன் காலை வாருவது

ஏற்காட்டு டவரின் செக்டாரில் பத்து எஸ்டேட்டுகள் ஒரே இன்டர்ஃபேஸில் இருக்கின்றன. ஒருவரை ஒருவர் கேட்காதபடி கிளையன்ட் ஐசொலேஷன் போட்டிருப்போம், போடவும் வேண்டும். இப்போது ஓர் எஸ்டேட் சொன்ன ரூட்டை இன்னொரு எஸ்டேட்டுக்குச் சொல்ல ஏற்காடு அதே இன்டர்ஃபேஸில்தான் அனுப்ப வேண்டும். ஸ்ப்ளிட் ஹொரைஸன் தடுத்துவிடும். இரண்டு எஸ்டேட்டுகளுக்கு இடையே கேமராவோ பில்லிங் சர்வரோ பேச வேண்டுமென்றால் பேசாது.

சரியென்று அந்த இன்டர்ஃபேஸில் ஸ்ப்ளிட் ஹொரைஸனை அணைக்கிறார்கள். பேச்சு வந்துவிடும், கூடவே இரண்டு ரூட்டர் லூப்பும் திரும்பி வந்துவிடும். இஐஜிஆர்பியிலும் ஸ்ப்ளிட் ஹொரைஸன் இருப்பதால் இதே சிக்கல் அங்கும் உண்டு. ஆனால் அங்கே அதை அணைப்பதில் ஆபத்துக் குறைவு, வேறு காவல் இருக்கிறது. ரிப்பிலேயே இருக்க வேண்டுமென்றால் அணைக்காமல், எஸ்டேட்டுகளுக்கு டிஃபால்ட் ரூட் ஒன்றை மட்டும் அனுப்புவது போதும். எஸ்டேட்டுக்கு வேறு வழியே கிடையாது, முழு டேபிளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறது?

இஐஜிஆர்பி: கணக்கால் காவல்

இஐஜிஆர்பியும் பக்கத்து ரூட்டர் சொல்வதைக் கேட்டுத்தான் நடக்கிறது. வித்தியாசம், டூயல் என்ற அதன் வழி தேரும் அல்காரிதம் வைத்திருக்கும் ஒரு நிபந்தனை. ஒரு இடத்துக்கு இதுவரை எனக்குக் கிடைத்த மிகக் குறைந்த தூரம் ஃபீசிபிள் டிஸ்டன்ஸ். பக்கத்து ரூட்டர் தனக்குள்ளதாகச் சொல்லும் தூரம் அதைவிடக் கண்டிப்பாகக் குறைவாக இருந்தால் மட்டுமே அவரை மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம். என் வழியாகப் போகிறவரின் தூரம் என்னுடையதைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. அதனால் நிபந்தனையில் தேறியவர் என்னை நோக்கித் திருப்ப மாட்டார்.

நம் வளையத்தில் வைத்துப் பார்க்கலாம். உண்மை மெட்ரிக் (தூரத்தைச் சொல்லும் எண்) பெரிய எண்களில் வரும், இங்கே சின்னதாக வைத்துக்கொள்வோம். சேலத்துக்கு ஏற்காட்டின் தூரம் 100. வாழவந்திக்கு ஏற்காடு வழியாக 120, குப்பனூர் வழியாக 150. குப்பனூர் தன் தூரமாகச் சொல்வது 100. ஃபைபர் அறுகிறது. ஏற்காட்டிடம் தேறிய மாற்று இல்லை, காரணம் வாழவந்தியின் 120 தன் 100-ஐவிட அதிகம். ஆகவே ஏற்காடு ஆக்டிவ் நிலைக்குப் போய் எல்லோரையும் கேட்கிறது. பதில் வரும்வரை ரூட்டை மாற்றாது, பாக்கெட்டைக் கீழே போடும், சுற்ற விடாது. வாழவந்திக்குக் குப்பனூரின் 100 தன் 120-ஐவிடக் குறைவு, அதனால் உடனே அந்தப் பக்கம் திரும்பி "என்னிடம் 150" என்று பதில் தருகிறது. ஏற்காடு 170 என்று எழுதிக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்து கண் இமைக்கும் நேரம்தான்.

குப்பனூர் 100-க்குப் பதில் 130 சொல்லியிருந்தால் அந்த வழியில் லூப் இல்லாவிட்டாலும் நிபந்தனையில் தேறாது. வாழவந்தியும் ஆக்டிவ் ஆகி மேலும் கேட்க வேண்டிவரும். நல்லவரையும் சந்தேகிக்கும் காவல் இது. சந்தேகிப்பதால்தான் லூப் வருவதில்லை. மெட்ரிக்கைப் பார்த்து வைத்தால் இந்தச் சுற்றைத் தவிர்க்கலாம்.

உண்மையான வலி வேறு இடத்தில். கேள்வி கடைசி ரூட்டர் வரை பரவும், எல்லோரும் பதில் சொன்னால்தான் முடியும். செக்டாரின் ஓரத்தில் சிக்னல் செத்துக்கிடக்கும் ஓர் எஸ்டேட் ரூட்டர் பதில் தராமல் இழுத்தால் ரூட் ஆக்டிவிலேயே மாட்டிக்கொள்ளும். ஆக்டிவ் டைமர் 3 நிமிடம். பாதியில் மறுபடி விசாரித்துப் பார்க்கும், அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த நெய்பர் (பக்கத்து ரூட்டர்) உறவே அறுக்கப்படும். தீர்வு: பத்து எஸ்டேட் ரூட்டர்களையும் ஸ்டப் (பிறருக்கு வழியாக இல்லாத ஓர ரூட்டர்) என்று அறிவித்துவிட வேண்டும், ஸ்டப்பிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. இதைச் செய்யாத இஐஜிஆர்பி, வாங்கிப்போட்டுப் பிரிக்காத பெட்டி மாதிரி.

2016-இல் ஆர்எஃப்சி 7868 ஆக வெளியிட்ட பிறகும் இது நடைமுறையில் சிஸ்கோ வீட்டுச் சொத்துதான். மைக்ரோடிக்கில் கிடையாது. மலையில் பாதி டவரில் மைக்ரோடிக் இருக்கும் நெட்வொர்க்குக்கு இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஓஎஸ்பிஎஃப்: எல்லோரிடமும் ஒரே படம்

ஓஎஸ்பிஎஃப் 1998-இன் ஆர்எஃப்சி 2328. இங்கே யாரும் "சேலம் இவ்வளவு தூரம்" என்று சொல்வதில்லை. ஒவ்வொரு ரூட்டரும் தன் லிங்க்குகளை மட்டும் எல்எஸ்ஏ என்ற அறிவிப்பாக எழுதிப் பரப்பும். அது மாறாமல் எல்லோரையும் சென்றடையும், ஒவ்வொருவரும் ஒரே படத்தில் டைக்ஸ்ட்ரா கணக்கைத் தனியாகப் போட்டுக்கொள்வார்கள். ஒரே படத்தில் எல்லோரும் மிகக் குறுகிய வழி கண்டால் அந்த வழிகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்ப முடியாது.

ரிப்பில் தொலைந்த அந்த ஒரு பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஓஎஸ்பிஎஃப்பில் எல்எஸ்ஏ-வுக்கு ஒப்புகை உண்டு. வராவிட்டால் 5 நொடியில் மறுபடி அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு, பழசு புதுசை மிதிக்க முடியாது. 30 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், 60 நிமிடம் புதுப்பிக்காதது அழிக்கப்படும். எஸ்டேட் லிங்க் போனது வாழவந்திக்கு ஏற்காட்டிடம் இருந்து வராவிட்டால் நாகலூரிடம் இருந்து வரும்.

லூப்பே கிடையாதா? சின்னதாக உண்டு. ஃபைபர் அறுந்ததும் ஏற்காடு கணக்கை முடித்து வாழவந்திக்குத் திருப்பிவிடுகிறது. வாழவந்தி இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது, அதன் டேபிளில் இன்னும் ஏற்காடுதான். அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பாக்கெட் இருவருக்கும் இடையே பந்தாடப்படும். இதை மைக்ரோலூப் என்பார்கள், வளையத்தில் இதை முழுதாகத் தவிர்ப்பது கடினம். போன் கால் ஒரு கணம் விக்கும், அதோடு சரி. ஆனால் லிங்க் நிமிடத்துக்கு நாலு முறை விழுந்து எழுந்தால் நாலு முறையும் விக்கும். காபித் தோட்டத்து நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் ரேடியோ பார்வைக் கோட்டுக்குள் வளர்ந்துவிட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் இதுதான் நடக்கும். அதற்கு ரூட்டரில் மருந்து தேடுவது வீண். ஆன்டெனாவை உயர்த்துங்கள், இல்லாவிட்டால் கிளையைக் கழிக்க எஸ்டேட்டில் அனுமதி கேளுங்கள்.

ஓஎஸ்பிஎஃப்பில் கெட்டுப்போவது பெரும்பாலும் நாலு இடத்தில்.

காஸ்ட் (அடிப்படை வேகத்தை லிங்க் வேகத்தால் வகுத்து வரும் எண்) முதலாவது. இயல்பான அடிப்படை 100 எம்பிபிஎஸ் என்பதால் சிஸ்கோவில் 100 எம்பிபிஎஸ்ஸும் ஒரு ஜிகாபிட்டும் ஒரே 1-தான். அடிப்படையை உயர்த்தினாலும் ரேடியோவில் ஏமாறுவோம்: ரேடியோவின் ஈதர்நெட் போர்ட் ஜிகாபிட், காற்றில் ஓடுவது 150. ரூட்டருக்குத் தெரிவது போர்ட் மட்டும். காஸ்ட்டைக் கையால் எழுதுங்கள். ஃபைபருக்கு 10, ரேடியோவுக்கு 60 என்பதுபோல், இரு முனையிலும் ஒரே எண். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போகும் வழியும் வரும் வழியும் வேறாகும். லூப் இல்லாவிட்டாலும் ஃபயர்வால் குழம்பும்.

இரண்டாவது எம்டியு, ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. ஒரு முனையில் 1500, மறுமுனையில் 1492 என்றால் நெய்பர் தெரியும், ஆனால் படத்தைப் பரிமாறத் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றுவிடும். சரிபார்ப்பையே நிறுத்திவைப்பது குறுக்குவழி. நாளைக்குப் பெரிய எல்எஸ்ஏ வரும்போது அதே இடத்தில் இடறும்.

மூன்றாவது ரூட்டர் ஐடி, ஒவ்வொரு ரூட்டரின் அடையாள எண். ஒரு டவரின் பேக்கப்பை அப்படியே இன்னொரு டவரில் ஏற்றுவது வழக்கம். இரண்டு பேரும் ஒரே ஐடியோடு ஒருவர் எல்எஸ்ஏ-வை மற்றவர் மறுத்துக்கொண்டே இருப்பார்கள், ரூட்டுகள் வந்து போய்க்கொண்டே இருக்கும். 10.255.0.1 முதல் லூப்பேக் (ரூட்டருக்கே உரிய உள் முகவரி) வைத்து ஐடியைக் கையால் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நாலாவது அந்த செக்டார். அதைப் பிராட்காஸ்ட் வகையில் விட்டால், ஐசொலேஷன் காரணமாக எஸ்டேட்டுகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு டிஆர் (தலைமை ரூட்டர்) தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பாயின்ட்-டு-மல்டிபாயின்ட் ஆக்குங்கள். நெய்பர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹலோ 10, டெட் 40 நொடி என்பது சிஸ்கோவில் அங்கே 30, 120 ஆக மாறும்; ஒரு முனையில் மட்டும் மாற்றினால் நெய்பர் உறவே வராது. ஸ்ப்ளிட் ஹொரைஸன் என்ற பேச்சே இங்கே இல்லை என்பது பெரிய நிம்மதி.

நெட்வொர்க்கை ஏரியா என்ற துண்டுகளாகப் பிரிக்கலாமா? பிரிக்காதீர்கள். ஏரியாக்களுக்கு இடையே ஓஎஸ்பிஎஃப் படம் தருவதில்லை, தூரத்தை மட்டுமே சொல்கிறது, அதாவது ரிப் மாதிரி. எல்லா ஏரியாவும் ஏரியா 0 வழியாகத்தான் பேச வேண்டும் என்ற விதிதான் அங்கே லூப்பைத் தடுக்கிறது. மலையைத் தனி ஏரியா ஆக்கி, இரண்டு இறக்கங்களில் ஒன்று அறுந்தால் என்னாகும் என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, இருபது முப்பது ரூட்டர் வரை ஒரே ஏரியா 0 போதும்.

இரண்டு புரோட்டோகால் கலக்கும் இடம்

ஒரு புரோட்டோகால் தனக்குள் எவ்வளவு நன்றாகக் காவல் காத்தாலும், ஒன்றின் ரூட்டுகளை இன்னொன்றுக்குள் விடும் ரீடிஸ்ட்ரிபியூஷன் எல்லையில் அது செல்லாது. பழைய எஸ்டேட் குழுமம் ஒன்று ரிப் ஓட்டுகிறது; ஏற்காட்டிலும் வாழவந்தியிலும் அதை ஓஎஸ்பிஎஃபோடு இரு பக்கமும் கலக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டேட்டின் 192.168.40.0/24 ரிப்பில் வருகிறது, ஏற்காடு அதை ஓஎஸ்பிஎஃப்பில் விடுகிறது. வாழவந்தி இரண்டிலும் கேட்கிறது. சிஸ்கோவில் ஓஎஸ்பிஎஃப்பின் நம்பிக்கை எண் 110, ரிப்பின் எண் 120, குறைந்ததே வெல்லும். பக்கத்திலேயே எஸ்டேட் இருந்தும் வாழவந்தி ஏற்காட்டைச் சுற்றிப் போகிறது. அதோடு நிற்காமல், ஓஎஸ்பிஎஃப்பில் கேட்டதை ரிப்புக்குள் குறைந்த ஹாப்போடு மறுபடி விடுகிறது. ரிப் ரூட்டர்கள் தங்கள் நெட்வொர்க்குக்கே வாழவந்தி வழி பக்கம் என்று நம்ப ஆரம்பிக்கும். உண்மை எஸ்டேட் செத்த பிறகும் இந்தப் பேய் ரூட் இரண்டு புரோட்டோகாலுக்கும் இடையே ஒன்றையொன்று உயிர்ப்பித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி டேக், அதாவது ரூட்டில் ஒட்டும் ஓர் அடையாள எண். ரிப்பில் இருந்து வரும் எல்லா ரூட்டுக்கும் 120 என்று டேக் ஒட்டுங்கள், ஓஎஸ்பிஎஃப்பில் இருந்து ரிப்புக்குப் போகும்போது அந்த டேக் உள்ளதை மறுத்துவிடுங்கள். எதிர்ப் பக்கத்துக்கு 110. இரண்டு எல்லை ரூட்டரிலும் ஒரே விதி. வாழவந்தியில் ஓஎஸ்பிஎஃப்பின் வெளி ரூட்டுகளுக்கு மட்டும் நம்பிக்கை எண்ணை 130 ஆக உயர்த்தினால் சுற்றுவழியும் நிற்கும். ரிப் முதல் பதிப்பில் டேக்குக்கு இடமே இல்லை. அங்கே பிரிஃபிக்ஸ் லிஸ்ட்தான். சிஸ்கோவில் ரிப்புக்குள் விடும்போது மெட்ரிக் எழுத மறந்தால் 16 என்று போய் ரூட் சத்தமில்லாமல் காணாமல் போகும். முடிந்தால் ஒரே இடத்தில் மட்டும் கலக்குங்கள், அல்லது எஸ்டேட் பக்கம் டிஃபால்ட் மட்டும் அனுப்புங்கள்.

பிஜிபி

இன்டர்நெட் கம்பெனிகளுக்கு இடையே ஓடும் பிஜிபி, ரூட்டோடு அது கடந்துவந்த ஏஎஸ் (ஒரே நிர்வாகத்தில் உள்ள நெட்வொர்க்) எண்களையும் சேர்த்து அனுப்பும். வந்த பட்டியலில் தன் எண் இருந்தால் தூக்கி எறியும். லூப் காவலில் இதைவிட நேரடியானது இல்லை. ஆனால் ஒரே ஏஎஸ்ஸுக்குள் இந்தப் பட்டியல் வளராது. அதனால் ஐபிஜிபியில் (ஒரே ஏஎஸ்ஸுக்குள் ஓடும் பிஜிபி) கேட்டதை இன்னொரு ஐபிஜிபி நெய்பருக்குச் சொல்லாதே என்பதே விதி, ஆகவே எல்லோருக்கும் எல்லோரோடும் செஷன் வேண்டும். ஆறு ரூட்டருக்கு 15. கேட்டதை மற்றவர்களுக்குச் சொல்லும் ரூட் ரிஃப்ளெக்டர் வைத்தால் செஷன் குறையும். அங்கே ஆரிஜினேட்டர் ஐடியும் கிளஸ்டர் பட்டியலும் காவல்.

எல்லா டவருக்கும் ஒரே தனியார் ஏஎஸ், 65001 என்று வைத்து, நடுவில் வேறொருவரின் ஏஎஸ் வழியாக இணைத்தால் டவர்கள் ஒன்றன் ரூட்டை ஒன்று தன்னுடையது என்று எறியும். அதைச் சரிசெய்ய, தன் எண் இருந்தாலும் ஏற்கச் சொல்லும் அலவ்ஏஎஸ்-இன் போடுவது இருக்கும் ஒரே பூட்டையும் கழற்றுவது. 64512 முதல் 65534 வரை எண்கள் இருக்கின்றன, டவருக்கு ஒன்று கொடுக்கலாம். சேலத்தில் இரண்டு இன்டர்நெட் கம்பெனிகளோடு பேச பிஜிபி வேண்டும், மலைக்குள் வேண்டாம்.

முடிவு எப்படி எடுப்பது

மலையில் கலப்பு ரூட்டர்கள், வளையம் உண்டு என்றால் ஓஎஸ்பிஎஃப், ஒரே ஏரியா. முழுக்க சிஸ்கோ, எஸ்டேட் கிளைகள் பல, மெட்ரிக்கைக் கவனிக்க ஆள் உண்டு என்றால் இஐஜிஆர்பியும் சரி, ஸ்டப்போடு. ரிப்பை வளையத்துக்குள் விடாதீர்கள். ஒரே வழியில் தொங்கும் கிளைக்கு, அதுவும் அங்கே வேறு எதுவும் ஓடாத பழைய பெட்டி இருந்தால் மட்டும். ஒரே லிங்க் உள்ள எஸ்டேட்டுக்கு ஸ்டாட்டிக் டிஃபால்ட்டே உத்தமம். அதில் ஓஎஸ்பிஎஃப் ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. கஸ்டமர் பக்கப் போர்ட்டுகள் எல்லாம் பாஸிவாக (ரூட்டிங் செய்தி பேசாமல்) இருக்கட்டும்.

மாற்றிய பிறகு சோதனை. சேலத்தில் ஒரு லேப்டாப்பில் இருந்து நாகலூர் ரூட்டருக்கு நொடிக்கு ஐந்து பிங் ஓட விடுங்கள். கேபிளைப் பிடுங்கிச் சோதிப்பது ஏமாற்றும், போர்ட் இறங்கியதும் ரூட்டர் உடனே அறிந்துவிடும். அதற்குப் பதில், வளையத்தில் ஓடும் ரேடியோவின் மறுமுனைக்கு மின்சாரத்தை நிறுத்துங்கள்; நம் பக்கப் போர்ட் உயிரோடு இருக்க, ஆகாசத்தில் மட்டும் போக வேண்டும். சாதாரண டைமரில் 40 நொடி வரை பிங் தொலையும். அது கட்டாதென்றால், லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகச் சோதிக்கும் பிஎஃப்டி போடுங்கள். ஃபைபரில் 300 மில்லி நொடி, மூன்று தவணை, ரேடியோவில் 1 நொடி, மூன்று தவணை. ரேடியோவில் அதைவிட வேகமாக வைத்தால் சாதாரணச் சிக்னல் ஏற்ற இறக்கத்துக்கே லிங்க்கை இறக்கிவிடும்.

துண்டிப்பு நேரத்தில் இன்னொரு விண்டோவில் ட்ரேஸ்ரூட் (வழியில் உள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் கருவி) ஓடட்டும். இரண்டு முகவரிகள் மாறி மாறி வரிசையாக வந்தால் லூப், மூன்று முகவரி சுழன்றால் முக்கோணம். விண்டோஸில் பிங் "டிடிஎல் தீர்ந்தது" என்று சொன்னாலும் அதே. நட்சத்திரக் குறி மட்டும் வந்தால் அது லூப் இல்லை, பாக்கெட் எங்கோ விழுகிறது. அதற்குத் தேட வேண்டிய இடம் வேறு. பிறகு மறுமுனைக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து, லிங்க் எழும்போதும் இதையே பாருங்கள். விழும்போது சுத்தமாக இருந்து எழும்போது மட்டும் சுற்றினால் பெரும்பாலும் ரீடிஸ்ட்ரிபியூஷனில் ஒரு பக்கம் டேக் விட்டுப்போயிருக்கும்.